சில்லிடாத மவுத்பீஸ்

பிரிக்பீல்ட்ஸ்,
11 அக்டோபர் 1931

சேசு மரி சூசை துணை

அன்புள்ள சாந்தமேரி அக்காவுக்கு,

தம்பி கபிரியேல் எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். நீயும் ஜோசஃபினும் எப்படி இருக்கிறீர்கள்? தெலுக் பங்லிமா காராங் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு வேலை அதிகமா? சனிக்கிழமையாவது கிள்ளானுக்கு வீடு வந்து சேருகிறாரா, இல்லை நோயாளிகளோடேயே குடித்தனமா? நான் கேட்டதாக அவரிடமே சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. வருகிற பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவருடைய சரீரத்தைப் பவனியாக எடுக்கும்போது, கோயில் வாசலில் கார்னெட் மட்டும் தனியாக ஊதுகிற இடம் இருக்கிறதே, அதை எங்கள் பாண்டு மாஸ்டர் எனக்குக் கொடுத்துவிட்டார்! எத்தனை வருஷம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அடுத்தவன் ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கே தெரியும். ரயில்வே ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதும்போதுகூட வாய் தானாகக் குவிந்துகொள்கிறது. எதிர் மேசை சபாபதி, "என்ன லா, என்னப் பாத்தா முத்தம் குடுக்குறீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

ஒரு தொல்லை மட்டும். மேல் சுரம் உடைகிறது. உதட்டின் வலது ஓரத்தில் காற்று உஸ்ஸென்று கசிகிறது. என் மவுத்பீஸ்தான் காரணம் என்று நினைக்கிறேன். கார்னெட்டின் நுனியில் சொருகி உதட்டில் வைத்து ஊதுகிறோமே, அந்தச் சின்னக் கிண்ணம். வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை பல்லிளிக்கிறது. உங்கள் தெருவில் பழைய போலீஸ் பாண்டுக்காரர் கன்னையா இருக்கிறாரே, அவரிடம் குழி ஆழமான மவுத்பீஸ் ஒன்று சும்மா கிடக்கிறதாம். நயமாகப் பேசி வாங்கி அனுப்பு. நீ கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

உன் தம்பி,
கபிரியேல்


கிள்ளான்,
25 அக்டோபர் 1931

என் தம்பி கபிரியேலுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதியதில் பாதியைத்தான் நம்புகிறேன், போன மாதம் வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

செய்தியைப் படித்ததும் அழுதுவிட்டேன். ஜோசஃபின் பயந்துபோய் அடுத்த வீட்டு நல்லம்மாளைக் கூட்டிவந்துவிட்டாள். பெரிய வெள்ளிக்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம். முன்னால் நின்று கேட்போம்.

கன்னையா அண்ணனிடம் போனேன். "குடுக்குறேன்மா, ஆனா ஒதடு தாங்குமான்னு கேளு. ஆழமான குழி ஆளையே குடிச்சிரும்" என்றார். துணியில் சுற்றி ரயில்வே கார்டு ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. உன் வலது கன்னத்தில், மீசைக்குப் பக்கத்தில், தேமல் மாதிரி வெளிறியிருந்ததே, அது போயிற்றா? சீமை அகத்தி இலையை அரைத்துப் போடு. சோம்பல்படாதே. பவனியில் அத்தனை பேர் முன்னால் நிற்கப்போகிறவன், முகம் பளிச்சென்று இருக்கவேண்டாமா?

சாந்தமேரி


பிரிக்பீல்ட்ஸ்,
22 நவம்பர் 1931

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகமும் ஜோசஃபின் சுகமும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சீமை அகத்தி போட்டேன். தேமல் போகவில்லை, இலை நாற்றம்தான் மிச்சம்.

இப்போது என்னிடம் நாலு மவுத்பீஸ் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பெண் பார்க்கும் படலம்தான். நானும் என் அறையில் இருக்கிற வாலண்டைனும் மாற்றி மாற்றி ஊதிப் பார்க்கிறோம். அவன் இப்போது என் இடத்தில் இரண்டாவது கார்னெட்.

என் பழையதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கன்னையா அண்ணனுடையது, அடடா, கீழ்ச் சுரத்தில் தேன். ஆனால் மேலே ஏறுவதற்குள் மூச்சு முட்டுகிறது, அவர் சொன்னது சரிதான். பத்து ரோட்டுக் கடைத்தெருவில் புதிதாக வாங்கியது குழி குறைவு, விளிம்பு மெல்லிசு. மேல் சுரம் சுலபமாக வருகிறது, சத்தம்தான் பிஸ்கட் டின்னைத் தட்டின மாதிரி. நாலாவது மாஸ்டருடைய பெட்டியில் கிடந்தது. விளிம்பு நல்ல தடிமன், உதடு மெத்தையில் படுத்த மாதிரி இருக்கும். அதில் இன்னொரு விசேஷம், மற்றவர்கள் விடியற்காலையில் ஊத எடுத்தால் இரும்பைக் கடித்த மாதிரி சில்லென்று கூசுகிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. வலது பக்கம் சில்லென்றே படுவதில்லை. வாலண்டைனிடம் கொடுத்தேன், "பொய் சொல்றே, ஐஸ் மாதிரி இருக்கு" என்கிறான். அவனுக்குப் பொறாமை.

உதட்டில் ஒரு கொப்புளம் வந்து மூன்று நாள் ஊத முடியவில்லை. வாசலில் வாங்கின காப்பி கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கிறது, குடிக்கும்போது தெரியவில்லை. அவ்வளவு யோசனை எனக்குப் பவனியைப் பற்றி!

உன் தம்பி,
கபிரியேல்


தெலுக் பங்லிமா காராங்,
8 டிசம்பர் 1931

அன்புள்ள தம்பி கபிரியேலுக்கு லியனார்ட் எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் அக்கா உன் கடிதத்தை எனக்குக் காட்டினாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் எதையும் சோதிக்க ஒரு முறை உண்டு. நீ இப்படிச் செய்து பார். தடித்த மவுத்பீஸை அரைவட்டம் திருப்பிச் சொருகி ஊது. குறை பித்தளையில் இருந்தால், காற்றுக் கசிவும் சில்லிடாததும் இடப்பக்கம் போகவேண்டும். பிறகு ஒரு மவுத்பீஸைக் குளிர்ந்த தண்ணீரிலும் இன்னொன்றைச் சுடுதண்ணீரிலும் போட்டு எடு. நீ கண்ணை மூடிக்கொள். வாலண்டைன் அவற்றை உன் உதட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி வைக்கட்டும். எது சூடு, எது குளிர்ச்சி என்று சொல். முடிவை ஒளிக்காமல் எனக்கு எழுது.

நீ வாய் வைத்ததை இனி வாலண்டைனோ வேறு யாருமோ ஊதவேண்டாம். வாய்ப்புண் தொற்றும். எல்லாவற்றையும் கொதிக்கவை.

லியனார்ட்


பிரிக்பீல்ட்ஸ்,
28 டிசம்பர் 1931

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு,

பாலன் பிறந்த திருநாள் வாழ்த்து. கிறிஸ்மஸுக்குக் கிள்ளான் வர முடியவில்லை, நடுச்சாமப் பூசைக்கும் மறுநாளுக்கும் பாண்டு இருந்தது. அக்காவின் பணியாரத்தை யாரோ என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பார்கள். அது நீங்கள்தான் என்று தெரியும்.

நீங்கள் பாண்டு மாஸ்டராகப் போயிருக்கவேண்டியவர், அத்தான். எங்கள் யாருக்கும் தோன்றாத சோதனை. நாலு மவுத்பீஸையும் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் கசிவு வலப்பக்கம்தான். சூடு குளிர்ச்சிச் சோதனையில் வாலண்டைன் சிரித்துச் சிரித்துக் கீழே விழாத குறை. இடப்பக்கம் வைத்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. வலப்பக்கம் வைத்தபோது சூட்டைக் குளிர்ச்சி என்கிறேன், வைக்காதபோது வைத்துவிட்டாய் என்கிறேன்.

ஆக, மவுத்பீஸ்மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. மாஸ்டரிடம் சொன்னேன். நான் வலப்பக்கம் அதிகமாக அழுத்துகிறேனாம், அழுத்தி அழுத்தி உதடு மரத்துவிட்டதாம். அதற்குத் தடித்த விளிம்புதான் சரி என்றார். அதையே வைத்துக்கொண்டேன். இரண்டரை மாதமாகக் குழம்பியதை நீங்கள் ஒரு கடிதத்தில் தீர்த்துவிட்டீர்கள்.

உங்கள் மைத்துனன்,
கபிரியேல்


தெலுக் பங்லிமா காராங்,
11 ஜனவரி 1932

அன்புள்ள சாந்தமேரிக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இதை யாரும் இல்லாதபோது படி.

நேற்று பிரிக்பீல்ட்ஸ் போனேன். மவுத்பீஸ்களைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். அவனுக்கு என்ன சந்தோஷம்! நாலையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினான். பிறகு நான் ஒரு சின்னச் சோதனை என்று சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். ஊசிமுனையால் வலது கன்னத்திலும் மேலுதட்டிலும் தொட்டேன், பிறகு குத்தினேன். அவன் கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டு, "ஆரம்பிங்க லா அத்தான், எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருக்கிறது?" என்றான். நான் அதற்குள் குத்தி முடித்திருந்தேன்.

அது தேமல் இல்லை. பெருவியாதி, குஷ்டம். தோட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன், எனக்குச் சந்தேகம் இல்லை.

சட்டப்படி நான் உடனே பெரிய டாக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். சுங்கை பூலோவில் இந்த வியாதிக்காரர்களுக்கென்று இருக்கிற குடியிருப்புக்கு அனுப்புவார்கள். நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுகிறார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் நரம்பு தப்ப வழி உண்டு, தாமதித்தால் முகம் இழுத்துக்கொள்ளும். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு இந்த வாரமே எழுதிப்போடலாம் என்று இருக்கிறேன்.

லியனார்ட்


கிள்ளான்,
14 ஜனவரி 1932

ஜோசஃபினுடைய அப்பாவுக்கு,

சுகம் கேட்டிருந்தீர்கள். எனக்கு என்ன சுகம்?

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், பெரிய வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் சொச்சம்தானே! அங்கே போனால் திரும்பி வருவானோ மாட்டானோ. எங்கள் அம்மா அப்பா போன பிறகு அவனுக்கென்று இந்த உலகத்தில் கிடைத்தது அந்தக் கோயில் வாசலில் நிற்கிற ஒரு நாள். அதையும் நானும் நீங்களும் பிடுங்குவதா? ஒரு தடவை ஊதட்டும். பிறகு நானே என் வாயால் சொல்லி, நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்குமேல் ஒரு நாளும் கேட்கமாட்டேன்.

நரம்பு தப்ப வழி உண்டு என்கிறீர்கள். நிச்சயம் தப்பும் என்று நீங்கள் எழுதவில்லை. நிச்சயம் இல்லாத ஒன்றுக்காகக் கையில் இருப்பதை ஏன் கெடுக்கவேண்டும்?

சாந்தமேரி


தெலுக் பங்லிமா காராங்,
20 ஜனவரி 1932

சாந்தமேரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வார்டில் சுற்றினேன். வேறு ஒருவனுடைய மைத்துனனாக இருந்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

சரி. பெரிய வெள்ளி வரைக்கும். வாலண்டைன் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ள ஏதோ ஒரு சாக்கு சொல்லியிருக்கிறேன், மவுத்பீஸை யாரும் தொடக்கூடாது என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். நீ அவனுக்குக் கடிதம் எழுதாமல் இரு. உனக்குப் பொய் எழுத வராது.

லியனார்ட்


பிரிக்பீல்ட்ஸ்,
28 மார்ச் 1932

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஜனவரியிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, என்மேல் என்ன கோபம்? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்திருந்தாய், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய், அப்படியே ரயிலுக்குப் போய்விட்டாய். நான் ஊதாததற்காக அழுதாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி பிறந்ததிலிருந்தே உதடு சொன்னபடி கேட்கவில்லை. தண்ணீர் குடித்தால் வலது ஓரத்தில் வழிகிறது. வலது கண் தூங்கும்போது முழுசாக மூடுவதில்லை என்று வாலண்டைன் சொல்கிறான். தடித்த விளிம்பை விட்டு மெல்லிய விளிம்புக்குப் போனேன், மறுபடி பழையதற்கு வந்தேன், கன்னையா அண்ணனுடையதையும் விடவில்லை. எதிலும் காற்றுதான் வந்தது. புதன்கிழமை ஒத்திகையில் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, "கபிரியேலு, கோயில் காரியம்பா, ஆண்டவர் முன்னாடி அசிங்கப்படக் கூடாது" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, அவர் கண்ணும் கலங்கியிருந்தது. வாலண்டைன் ஊதினான். நன்றாகவே ஊதினான். நான் பவனி விளக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

அத்தான் நாளைக்கு வருவதாகத் தந்தி கொடுத்திருக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை. அவர் வருவது ஆறுதல்தான்.

கபிரியேல்


சுங்கை பூலோ,
19 ஜூன் 1932

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் சித்தம், உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஜோசஃபின் பள்ளிக்கூடம் போகிறாளா? இங்கே வரிசையாகக் குடிசை வீடுகள். எனக்கு அடுத்த வீட்டில் மேரு தோட்டத்துப் பழனியப்பன் என்பவர், நல்ல பேச்சுத்துணை. வாரம் இரண்டு தடவை எண்ணெய் ஊசி. உட்கார முடியாமல் வலிக்கிறது, அவ்வளவுதான்.

கார்னெட்டைக் கொண்டுவர விட்டார்கள். போன வாரம் நாலு மவுத்பீஸையும் கழுவி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். இப்போது இடது கையால் உதட்டைச் சேர்த்துப் பிடித்தால்தான் ஒரு சுரமாவது வரும். எல்லாமே நல்ல மவுத்பீஸ்தான் அக்கா. பாவம், அவற்றை என்னவெல்லாம் திட்டினேன்.

டாக்டரிடம், உதடு சரியாகுமா என்று கேட்டேன். சுற்றி வளைத்துப் பேசாதவர். ஜனவரியிலேயே வந்திருந்தால், மரத்திருந்தாலும் உதடு அசைந்துகொண்டுதான் இருந்திருக்கும், ஊதியிருப்பாய் என்றார். அதற்கடுத்த இரண்டு மூன்று மாதத்தில்தான் நரம்பு செத்திருக்கிறதாம். இனி வராது, கண்ணையாவது காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார்.

இதை அத்தானிடம் சொல்லாதே. ஈஸ்டர் முடிந்து என்னை அழைத்துப்போக வந்தபோதுதான் தனக்கும் தெரிந்தது என்று சொல்லி, ரயிலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்னாலேயே கண்டுபிடிக்காமல் போனோமே என்று மனுஷர் உருகிவிடுவார்.

ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஜனவரியில் அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். அதற்குப் பிறகு நீ எழுதுவதை நிறுத்தினாய். இங்கே யோசிக்க நேரம் அதிகம், கண்ட கண்ட நினைப்பு வருகிறது. உங்களுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்திருக்காது என்று எனக்கு நிச்சயம். தெரிந்தால் என் அக்கா சும்மா இருப்பாளா? இருந்தாலும் உன் கையால் ஒரு வரி எழுதிவிடு. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பேன்.

உன் தம்பி,
கபிரியேல்


கிள்ளான்,
4 செப்டம்பர் 1932

என் கண்ணான தம்பி கபிரியேலுக்கு,

தேவமாதா உன்னைக் கைவிடமாட்டாள். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கண்ணுக்கு மருந்து போடுகிறார்களா? இரவில் ஈரத் துணியால் கண்ணை மூடிக்கொண்டு படு.

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதவில்லை. ஜோசஃபினுக்குக் காய்ச்சல். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, ஆனாலும் எழுத முடியவில்லை. உட்காருவேன், "அன்புள்ள தம்பி" என்று எழுதுவேன், எழுந்துபோய்ச் சோற்றை இறக்குவேன். அந்தத் தாள்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். உன்னை நினைக்காத நேரமில்லை தம்பி. அடுத்த மாதம் பார்க்க வர அனுமதி கேட்டிருக்கிறோம். தூரத்தில் நின்றாவது உன் முகத்தைப் பார்ப்பேன்.

அத்தானிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. நீ சொன்னபடியே செய்தேன்.

நீ கேட்டதற்கு என் கையால் எழுதுகிறேன். எங்கள் யாருக்கும் தெரியாது தம்பி. தெரிந்திருந்தால் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்கமாட்டேன், அன்றைக்கே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

உன் அக்கா,
சாந்தமேரி